பாப்பாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நீயும் இப்போதெல்லாம் "வேலைப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். போலீஸ் வேலை அப்படித்தான் இருக்கும். குறை சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய லயத்து வீடுகளில் கடைசி வரிசையை உடைத்துவிட்டார்கள், செம்பனை அதுவரைக்கும் வந்துவிடும் போலிருக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தேதி வைத்தாயிற்று. மற்றபடி செய்தி ஒன்றுமில்லை.

போன வாரம் பேப்பரில் உன் வட்டாரத்துச் செய்தி ஒன்று வந்தது. பாராங்கத்தியோடு பாய்ந்தவரைப் போலீசார் தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்று நாலு வரி. ஆள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாம். சுட்டது யார் என்று பெயர் இல்லை. அந்தத் தாளை மட்டும் உருவி என் பழைய சீருடைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அம்மா பார்க்கவில்லை. உன் வட்டாரத்தில் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

நீ பகுதி நேரமாகப் படித்தபோது எழுதிய நோட்டு அலமாரியில் கிடந்தது. எடுத்து முழுக்கப் படித்தேன். கையெழுத்து உன் ஆயா மாதிரியே சாய்ந்து சாய்ந்து இருக்கிறது. 1990-இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாட்டில் எடுத்த கோட்பாடுகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாய். போலீஸ்காரர் முதலில் தான் யார் என்று சொல்ல வேண்டும். சுடப்போகிறேன் என்று எச்சரிக்க வேண்டும், கேட்டு அடங்குவதற்கு அவகாசமும் தர வேண்டும், அப்படி நேரம் கொடுத்தால் யார் உயிருக்காவது ஆபத்து என்றால் ஒழிய. உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரை எடுக்கும்படி சுடலாம். சுட்ட பிறகு, அடிபட்டவன் யாராக இருந்தாலும் உடனே வைத்தியத்துக்கு வழி செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரியை நீ ரெண்டு தடவை கோடு போட்டிருக்கிறாய். என் பிள்ளை அதற்குக் கோடு போட்டது எனக்குப் பெருமை. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அடுத்த பக்கத்தில் நம் மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 15ஆம் பிரிவு. பிடிக்கப் போகும்போது ஒருவன் முரண்டு பிடித்தால் தேவையான எல்லா வழியையும் கையாளலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனைக் கொல்ல அந்தப் பிரிவு உரிமை கொடுக்கவில்லை. தற்காப்பு என்பது தண்டனைச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. 1967 போலீஸ் சட்டப்படி தேசியப் போலீஸ் படைத் தலைவர் போடுகிற நிலையான கட்டளைகள் வேறு. அதை எங்களைப் போன்றவர்கள் வாங்கிப் படிக்கக் கடையில் விற்பதில்லை. துப்பாக்கியை எப்போது எடுக்கலாம் என்பதை ஊர் ஜனமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நீ கோபப்படுவாய். பரவாயில்லை.

உன் சித்தப்பா உன் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு வராததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். 2007 நவம்பர் 25, இந்துராப் பேரணி நாள் காலையில் பத்துமலையில் அவர் கோயில் வளாகத்துக்குள் இருந்தவர். போலீஸ் அடித்த கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும் அங்கேதான் அவர் மேல் பட்டது. நீ அப்போது சின்னப் பிள்ளை, அவர் சட்டையைத் தொட்டுவிட்டுக் கண் எரிகிறது என்று அழுதாய். கூட்டம் வெளியே போக வழி இல்லாத இடத்தில் புகை அடிக்கக் கூடாது, ரப்பர் குண்டை அடிவயிறு, கால் பக்கம்தான் குறிவைக்க வேண்டும், தலைக்கும் முகத்துக்கும் கூடாது, தடியால் தலையிலும் கழுத்திலும் முதுகெலும்பிலும் அடிக்கக் கூடாது என்று 2020-இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "இதைப் படிச்சிட்டுத்தான் போனாளா" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நீ அவருக்கு ஒரு போன் போடு.

எதற்கும் எல்லாவற்றையும் எழுதி வை பாப்பா. எத்தனை மணி, எந்த இடம், வெளிச்சம் எப்படி, யார் எங்கே நின்றார்கள், எச்சரித்தது யார், எத்தனை ரவை வெளியே போனது, ஆம்புலன்ஸுக்கு எப்போது சொன்னீர்கள். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதாதே. நீ பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. இதை ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் போலீஸ் பந்துவானில், அதாவது துணைப் போலீசில், இருந்தபோது துப்பாக்கி என் சொத்து இல்லை என்பதைத்தான் முதலில் படித்தேன். சம்பள நாள் காலையில் ஆபீஸ் இரும்புப் பெட்டியைத் திறந்து, எழுத்தர் வேலை பார்க்கிற கிராணி ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார். தோட்டாக்களை மேசை மேல் நிமிர்த்தி வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் கையெழுத்துப் போடுவேன். வெளியே மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சாய்த்து வைத்திருக்கும். குழலை அதற்குள் நீட்டிக்கொண்டுதான் தோட்டாவைப் போட வேண்டும், திரும்பி வந்து அதே மாதிரிதான் எடுக்க வேண்டும். ஒரு தோட்டா குறைந்தால் சாயந்திரம் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உன் தாத்தா அந்தப் பக்கமே வரமாட்டார். 1948 ஜூன் 16-இல் இந்தச் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றபோது அவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அதன் பிறகு வந்த அவசரகாலம், முள்வேலி, அரிசிப் பங்கீடு எல்லாம் பார்த்தவர். துப்பாக்கியைத் தொட்ட கையோடு என்னைச் சோற்றில் உட்கார விடமாட்டார்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. ஒரு சம்பள நாள் டவுனிலிருந்து பணத்தோடு ஜீப்பில் வருகிறோம். கிராணி மடியில் பை. ஆலயத்து வளைவு தாண்டி மேடு ஏறும்போது ரப்பர் மர நிரைக்குள்ளிருந்து ஒருவன் பாராங்கத்தியோடு நேராக ஜீப்பைப் பார்த்து ஓடி வருகிறான். தலையில் துணி சுற்றியிருக்கிறது, முகம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கிற பயம் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். விரல் விசைக்குள் போய்விட்டது. "நில்லு" என்று கத்தினேன். அவன் நிற்கவில்லை. பத்தடி இருக்கும்போது கத்தியைப் போட்டுவிட்டு ஓரத்து வாய்க்காலுக்குள் விழுந்து புரண்டான். அப்போதுதான் அவன் தலையைச் சுற்றிக் குளவி பறப்பது தெரிந்தது. புல் வெட்டுகிற ஆள், கூட்டைக் கலைத்துவிட்டான்.

நான் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. சட்டத்தை நினைத்தெல்லாம் நிற்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் பீப்பாயில் குழலை நீட்டியபோது கை நடுங்கித் தோட்டா வரவில்லை, கிராணிதான் எடுத்தார். யாரும் சாகவில்லை. ஒரு ரவைகூட வெளியே போகவில்லை. அதற்கே எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் அவன் ஓடி வந்துகொண்டே இருந்தான். அடுத்த சம்பள நாளும் நானே போனேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் நடந்த விஷயம் எதுவாக இருந்தாலும், நீ சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல் இருந்தால் அதை மேலதிகாரியிடம் சொல்லு. பெண் பிள்ளை என்று பலவீனமாக நினைப்பார்கள் என்று மறைக்காதே. காவல்துறையிலேயே மனநல ஆலோசனை கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

2010-இல் ஷா ஆலாமில் ராத்திரி கார் ஓட்டிப் போன பள்ளிப் பையன் போலீஸ் குண்டில் செத்தது உனக்குத் தெரியும். குற்றவாளிக் கூண்டில் ஒரு கோப்ரல்தான் ஏறினார். கீழ் நீதிமன்றம் ஐந்து வருஷம் போட்டது, மேல் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பையனைப் பெற்றவள் அழுததைப் பேப்பரில் பார்த்து உன் அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. அப்போது நான் அந்தப் பையன் வீட்டைத்தான் நினைத்தேன். இப்போது அந்தக் கோப்ரலின் வீட்டையும் நினைக்கிறேன். மரண விசாரணை நீதிமன்றம் இருக்கிறது, 2023 முதல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லு. கூட இருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. செத்தவன் வீட்டிலும் ஒரு அப்பா பேப்பரைக் கையில் வைத்திருப்பார். அவருக்கும் அந்த உண்மை வேண்டும். எழுதி வை பாப்பா, மறந்துபோவதற்குள் எழுதி வை.

உனக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் கிடைத்தால் வாங்கிக்கொள் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லமாட்டேன். நீ இந்த வேலைக்கு எப்படிப் பாடுபட்டுப் போனாய் என்பது எனக்குத் தெரியும்.

லீவு கிடைத்தால் ரயிலில் வா. ராத்திரியில் தனியாகக் கார் ஓட்டி வராதே. ஸ்டேஷனுக்கு நான் மோட்டாரில் வந்து அழைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், போனில் அம்மா இருக்கும்போது பேசவும் வேண்டாம். அவளிடம் உனக்கு இந்த மாதம் இரவு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அதையே சொல்லு. நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து கோயில் பக்கம் நடக்கப் போகிறேன். போன் சட்டைப் பையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா