எங்கள் பையன்கள் வெளியே வந்துவிட்டார்கள்

அன்புள்ள மதுரை மக்களுக்கு,

நேற்று சாயங்காலம் கடைசி ஆளும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். புது ஜெயில் ரோட்டில் மத்தியானத்திலிருந்து காத்து நின்ற அவன் அம்மா, அவனைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுரோட்டில் வைத்தே அவன் சட்டையைத் தூக்கி முதுகைத்தான் முதலில் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரிப் பிள்ளைகள் நாங்கள் எதற்காகக் கூடினோம், அன்றைக்குப் போலீஸ் எப்படித் தடியடி நடத்தி எங்களைப் பிடித்துப் போனது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். கைப்பேசியில் எடுத்த காட்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வழக்கறிஞர்களுக்கு முதலில் நன்றி. எங்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் அடைத்த ஒரு மணி நேரத்துக்குள் கறுப்புக் கோட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே இருந்த ஒவ்வொருவரிடமும் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி வாங்கி, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அவர்களே போன் போட்டார்கள். சாயங்காலம் எங்களை விட்டுவிட்டுப் பையன்களில் சிலரை மட்டும் ரிமாண்டுக்கு அழைத்துப் போனபோது அந்த வேனுக்குப் பின்னாலேயே பைக்கில் போனவர்களும் அவர்கள்தான். ஒரு பைசா வாங்கவில்லை. ஜாமீனுக்கு ஆளுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், முன்னே பின்னே தெரியாத பையன்களுக்காக வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். செல்லூரிலிருந்து வந்த நெசவுக்கார அண்ணன்கள், ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபத்துக்குள் கம்பி வழியாகத் தயிர்சாதப் பொட்டலம் நீட்டிய பூக்கார அக்காக்கள், காசு வேண்டாம் என்று பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணன். எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்குப் பணியில் இருந்த அந்த டாக்டரம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்கிறேன். விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதால், யாரால் என்று நிதானமாகக் கேட்டார். நாங்கள் சொன்னதை அப்படியே எழுதினார். என் முதுகில் இருந்த தடிப்புகளை ஸ்கேல் வைத்து அளந்தார். இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் வெளுப்பு. உருண்டையான தடி வேகமாக விழுந்தால் நடுவில் இருக்கும் ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும், அதனால் இப்படித்தான் தெரியும், கீழே விழுந்த காயம் இப்படி இருக்காது என்று பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் கோபப்படவும் இல்லை, எங்களைப் பார்த்து உச்சுக் கொட்டவும் இல்லை. அந்த ஒரு தாள் இன்றைக்கு எங்கள் வழக்கின் முதுகெலும்பு என்று வழக்கறிஞர் அக்கா சொல்கிறார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற யாரும் அந்தப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்காமல் வரக் கூடாது.

சரி, இந்த மடலை நான் எழுத நினைத்ததே இன்னொருவருக்காக. அவர் பெயரையும் இடத்தையும் எழுத மாட்டேன். அவருக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பை ஜிப்புக்கும் அறுந்த வாருக்கும் போய் நிற்கிற, செருப்புத் தைக்கிற தாத்தா என்று சொன்னால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

தடியடி முடிந்த சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வேறு எதையும்விட அதிகமாகக் கிடப்பது செருப்புதான். ஓடும்போது பின்னால் வருகிறவர் மிதித்து வார் அறுந்துவிடும். குனிந்து எடுக்க முடியாது. குனிந்தால் அடி விழும், இல்லாவிட்டால் கூட்டம் மிதித்துவிடும். அதனால் எல்லோரும் அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். மத்தியான வெயிலில் தார் ரோடு சுட்டது எனக்கு மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மாநகராட்சி வண்டி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். அங்கே இத்தனை பேர் நின்றார்கள் என்பதற்கு அடையாளமே இருக்காது.

அந்த வண்டி வருவதற்குள் தாத்தா இறங்கிவிட்டார். அவர் வயசுக்கு அந்தச் சாலை முழுக்கக் குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறார். மறுநாள் காலையில் ஜூனியர் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, உங்க செருப்பு அங்க இருக்கு" என்று சொன்னபோது எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து அதில் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார். சோடி சோடியாக நூலால் கட்டி. அறுந்த வாரெல்லாம் தைத்தாகிவிட்டது.

"வா தாயி, ஒன்னோடது எதுன்னு பாரு."

பாதிப் பேர் போடுவது ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. ஒரே கம்பெனி, ஒரே நீல வார், ஒரே அளவு. எப்படிச் சோடி சேர்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். ஒவ்வொருவரும் நடக்கும்போது குதிங்கால் ஒரு பக்கமாகத் தேயும், சிலருக்கு வெளிப்பக்கம், சிலருக்கு உள்பக்கம், சிலருக்குப் பெருவிரல் கிட்டே குழி விழுந்திருக்கும். "தேய்மானத்தப் பாத்தா ஆளே தெரிஞ்சிரும்" என்றார். ராத்திரி வெகுநேரம் தெருவிளக்கில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று முழுக்க நாங்கள் ஒரு கூட்டம். ஒலிபெருக்கியில் "கூட்டம்", வயர்லெஸ்ஸில் "கூட்டம்", முதல் தகவல் அறிக்கையில் சில பெயர்கள், பிறகு "மற்றும் பலர்". அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அடி விழுந்தபோதுகூட வரவில்லை.

செருப்பு மட்டும் இல்லை. மூக்குக் கண்ணாடிகள், ஒரு கைக்கடிகாரம், சாவிக்கொத்து, யாரோ ஒரு பிள்ளையின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதில் இருந்த சோறு கெட்டுப்போகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கொடுத்துக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அப்புறம், தோல் துண்டுகளுக்கு அடியில், கருவிப் பெட்டிக்குள், கல்லூரி அடையாள அட்டைகள். அவற்றை வெளியே வைக்கவில்லை. முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

அவருக்கு அதன் அருமை தெரியுமோ தெரியாதோ, எங்களுக்குத் தெரியும். "மற்றும் பலர்" என்ற இரண்டு வார்த்தைக்குள் யார் பெயரை வேண்டுமானாலும் பிறகு சேர்க்கலாம். சாலையில் கிடந்த ஒரு அட்டை அதற்குப் போதும். போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன் ஒருவனும் அன்றைக்கு எங்களோடு இருந்தான். அந்த வேலைக்கு முன்நடத்தை விசாரிப்பார்கள், நிலுவையில் ஒரு வழக்கு இருந்தாலே ஆள் வெளியே. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அப்படி வேலை கைநழுவிப்போன அண்ணன்களை எனக்குத் தெரியும். கீழே கிடந்த பொருளை உரியவரிடம் சேர்ப்பது குற்றமில்லை என்று வழக்கறிஞர் அக்கா சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

யாராவது வந்து கேட்டார்களா என்று கேட்டேன். "கேட்டாக. செருப்புதான் கெடக்கு சார், பாத்துக்கங்கன்னேன்" என்றார். கூலி வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அங்கே இருக்கும்போதே ஒரு பெண் காவலர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. அன்றைய ஓட்டத்தில் போனதுதான். தாத்தா அவரையும் "உக்காரு தாயி" என்று என் பக்கத்திலேயே உட்காரச் சொல்லி, அதே ஊசியால் தைக்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எழுந்து போகவும் முடியவில்லை. அந்தப் பெண் காவலர் என்னைப் பார்த்தார், என் கைக்கட்டைப் பார்த்தார். "காலையில நாலு மணிக்குக் கொண்டுவந்து நிப்பாட்டுனாங்க" என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி. வேறொன்றும் பேசவில்லை. காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் மட்டும் தாத்தா கூலி வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்கு நிறுத்தியது எங்கள் முதுகில் விழுந்த அடிக்குக் காரணம் ஆகாது. ஆனால் பசியோடும் வெயிலோடும் அவர்களை அங்கே நிறுத்தி வைத்து, பிறகு ஒரு சைகையில் எங்கள் மேல் ஏவியவர் யார்? எங்கள் பெயர்கள் எல்லாத் தாளிலும் இருக்கின்றன. உத்தரவு கொடுத்தவரின் பெயர் எங்களுக்குக் கிடைத்த எந்தத் தாளிலும் இல்லை. சட்டம் முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும் என்கிறது, கலையாவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. பலம் என்றால் தேவையான அளவுதான். கூட்டம் அடங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் அது உரிமை மீறல் என்று, ஜம்முவில் ஒரு பேரணியில் நடந்த தடியடி வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அடிபட்டவர்களுக்கு இழப்பீடும் கொடுக்க வைத்தது. நாங்கள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தவர்கள். அதனால்தான் காயமெல்லாம் முதுகிலும் பின்னங்காலிலும் இருக்கிறது. ஓடுவதற்கும் வழி இல்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவர்கள் வைத்த தடுப்பு.

வழி விடாமல் விரட்டினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பேரணியை அடித்து விரட்டியதில் 17 பேர் செத்தார்கள், பெரும்பாலும் தாமிரபரணியில் இறங்கி மூழ்கியவர்கள். என் அப்பாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் செய்தி கேட்டு அவர் முதலில் கேட்டது, "ஆத்துப் பக்கமா ஓடுனீங்க?" என்றுதான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அவர் என்னைத் தமுக்கம் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வைகைப் பாலத்தில் ரயில் நின்றதும், வீட்டுக்கு வீடு சோறு ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்ததும் எனக்குத் திருவிழாவாகத்தான் தெரிந்தது. கடைசியில் ஜனவரி 23-ல் அலங்காநல்லூரில் தடி விழுந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னார்.

"படிக்கிற பிள்ளைக, இதோட மறந்துட்டுப் பரீட்சையப் பாருங்க" என்று நல்ல எண்ணத்தில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் நன்றி. பரீட்சை எழுதத்தான் போகிறோம். ஆனால் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்க ஒரு வருடம்தான் அவகாசம், அதற்குள் அடிபட்ட ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் பதிவேட்டு நகலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். எந்தச் சமாதானத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டோம். வெளியே வந்த பையன்கள் ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தனியாகப் போக விடப்போவதில்லை, முறைவைத்து நாங்களும் கூடப் போவோம்.

கடைசியாக ஒரு விஷயம். தாத்தாவிடம் இன்னும் கொஞ்சம் பொருள் மிச்சம் இருக்கிறது. பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, இடது பக்கம் கீறல். சின்ன மணி கோத்த சாவிக்கொத்து. பெண்கள் போடும் கறுப்புச் செருப்பு ஒரு சோடி, ஆறாம் நம்பர். டிபன் பாக்ஸும் அங்கேதான் இருக்கிறது, மூடியில் "செ" என்று எழுத்து வெட்டியிருக்கிறது. உங்களுடையது என்றால் வழக்கறிஞர் அக்காவிடம் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நேரே தாத்தாவிடம் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம், அவருக்கு வேலை நடக்க வேண்டும்.