அம்மாவின் நேரத்தைக் கேட்பதற்கு முன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியின் பேறுகால விடுப்பு தை மாதக் கடைசியில் முடிகிறது என்றும், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் சம்மதித்துவிட்டார்கள் என்றும், அவளையும் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு நீ சென்னையிலிருந்து வார இறுதிகளில் வந்து போவதாக இருக்கிறாய் என்றும் அம்மா சொன்னார். நல்ல யோசனைதான். "அம்மா இருக்காங்க, அத்தை பக்கத்துத் தெருவுல இருக்காங்க, அப்புறம் என்ன கவலை" என்று நீ சொன்னதையும் சேர்த்தே சொன்னார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பாபநாசம், வலங்கைமான் பக்கம் இப்போது பல வீடுகளில் மடிக்கணினியும் தூளியும் ஒரே கூடத்தில் இருக்கின்றன என்பதால், மற்றவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். உன் மனைவிக்கு எழுதாமல் உனக்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதை அவள் இதற்குள் பலமுறை மனத்தில் போட்டுப் பார்த்திருப்பாள். நீ ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டாய்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொண்டு வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றதும் அதே திருத்தம்தான். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உன் மனைவி அலுவலகத்துக்குப் போயிருந்தால் நிறுவனம் ஏற்பாடு செய்யவேண்டிய அந்தக் காப்பகம், அவள் ஊருக்கு வந்த மறுநாளே நம் அம்மாவின் மடிக்கு மாறிவிடும். நிறுவனத்துக்கு இடமும் மிச்சம், ஆயா சம்பளமும் மிச்சம். அதைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் செலவு அறுபதைத் தாண்டிய ஒருவரின் இடுப்பிலும் முழங்காலிலும் வந்து ஏறுகிறது என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நானும் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள்தானே; என் வீட்டில் மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டுவதைச் சொல்கிறேன். கிணற்றடியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் குழந்தையைப் படுக்கவைத்து, கை கால் முதுகெல்லாம் எண்ணெய் நீவி, வெந்நீரைத் தன் முழங்கையில் விட்டுப் பதம் பார்த்து, ஒரு கையைக் குழந்தையின் நெற்றிமேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் இறங்காதபடி ஊற்றுவார். குளித்த குழந்தை பால் குடித்துவிட்டு அசையாமல் தூங்கும். என் காலை நேர வேலையெல்லாம் அந்தத் தூக்கத்தை நம்பித்தான் நடக்கிறது. துண்டில் சுற்றிக் குழந்தையை என்னிடம் நீட்டிய பிறகு அவர் உடனே எழுந்திருப்பதில்லை. ஒரு கையைத் துவைக்கிற கல்லில் ஊன்றியபடி, புடவைத் தலைப்பைப் பிழிவதுபோலப் பாவனை செய்துகொண்டு, முழங்கால் வசத்துக்கு வரும்வரை அப்படியே இருப்பார். நான் பார்ப்பது தெரிந்துவிட்டால், "போம்மா, உனக்கு மீட்டிங் இருக்கும்" என்பார்.

என் ஓரகத்தியின் பங்கு வேறு வகை. நான் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை அழுதால், கூடத்தின் வழியாக வராமல் கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து தூக்கிக்கொண்டு, கன்றுக்குட்டியைக் காட்டப் போய்விடுவார். அதற்கு ஈடாக அவருடைய மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. இதை வாய்விட்டுப் பேசித்தான் வைத்துக்கொண்டோம். உறவுக்குள் கணக்குப் பார்க்கலாமா என்று நீ கேட்பாய். கல்யாண வாசலில் மேசை போட்டு மொய் எழுதி, அந்த நோட்டைத் தலைமுறைக்கும் பத்திரப்படுத்துகிற ஊரில் பிறந்தவர்கள் நாம். யார் எவ்வளவு செய்தார் என்பதை மறக்காமல் இருப்பதும் நமக்கு உறவுதான். பெண்கள் செய்கிற வேலை மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். தையிலும் மாசியிலும் நம் ஊரில் சம்பா அறுவடை. வயலில் இயந்திரம் இறங்கி ஒரே நாளில் அறுத்துவிட்டுப் போனாலும், அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம்தான் வரம்பு. தளர்வு அறிவிக்காத ஆண்டில் நெல்லைக் காயவைத்துத்தான் கொண்டுபோகவேண்டும். அப்பா இரவெல்லாம் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருக்க, பகலில் வெயிலில் நின்று நெல்லைக் கிளறிவிடுவதும், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவதும் அம்மாதான். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தையையும் கொண்டுவந்து விடாதே. மாசி ஒரு மாதம் நீ விடுப்புப் போட்டுச் சென்னையில் குழந்தையைப் பார்த்துக்கொள். பங்குனியில் வந்தால் போதும்.

அப்போது குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கும். அதுவரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சுவதிலும், பருப்பு சாதத்தை மை போலக் குழைப்பதிலும் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அதில் யாரும் தலையிட வேண்டாம். தேன் ஒன்றுதான் சிக்கல். குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் அத்தைக்கு உண்டு. ஒரு வயது நிறைவதற்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கடுமையான நோய் வர வாய்ப்பிருக்கிறது. அதை மருமகள் வாயால் சொல்லவைக்காதே. நீ சொல், இல்லையென்றால் தடுப்பூசிக்குப் போகும் நாளில் அத்தையையும் அழைத்துப்போய்ச் செவிலியரைச் சொல்லச் சொல். பீய்ச்சி வைத்த தாய்ப்பால், 25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் தாங்கும். பங்குனி, சித்திரையில் நம் கூடத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? பீய்ச்சியதும் பெட்டிக்குள் போய்விடவேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளதுதான். அந்த நேரத்தில் எவரும் கூட்டம் வைத்துவிடாதபடி அலுவலக நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்கச் சொல்.

பணத்தைப் பற்றி நீ அம்மாவிடம் பேசினால், "பேரனைத் தூக்குறதுக்குக் கூலியா" என்று கோபித்துக்கொள்வார். அதனால் பேசாதே, ஆளை வை. குழந்தையைப் பார்க்க ஆள் தேடுவதைக் காட்டிலும், பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆள் வைப்பதுதான் நம் வீட்டுக்குச் சரிப்படும் என்பது என் கருத்து. பேரனோடு இருக்க அம்மாவுக்கு ஆசைதான். அதோடு ஏனங்களையும் தேய்க்கவேண்டும் என்பதுதான் அவரை முறிக்கும். அவருடைய சர்க்கரை மாத்திரைச் செலவையும், தஞ்சாவூர் மருத்துவரிடம் போகவேண்டிய தேதியையும் நீ உன் பொறுப்பில் எடுத்துக்கொள். நல்லது கெட்டது என்று வந்தால் அம்மாவும் அத்தையும் போய்த்தான் ஆகவேண்டும். காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போகாமல் ஊரில் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் உன் மனைவி விடுப்பு எடுத்துக்கொள்ள அவளுடைய மேலாளர் இப்போதே ஒத்துக்கொள்ளட்டும்.

வெள்ளி இரவு உழவன் விரைவு வண்டியில் ஏறிச் சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறவனுக்கு அலுப்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சனிக்கிழமை தூங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிப்பாட்டுவதிலிருந்து தூளி ஆட்டுவதுவரை உன் வேலை. அம்மா திருக்கருகாவூர்க் கோயிலுக்குப் போகட்டும், அல்லது திண்ணையில் சும்மா உட்காரட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று செய்யவேண்டியிருக்கிறது. அம்மாவிடமும் அத்தையிடமும் இதுவரை யாரும் "பார்த்துக்கொள்ள முடியுமா" என்று கேட்கவில்லை. வந்து விடப்போவதாகத் தகவல் சொன்னாய், அவ்வளவுதான். பொங்கலுக்கு வரும்போது நேரில் கேள். அத்தை வீட்டுக்குத் தனியாகப் போய்க் கேள். அத்தை மதியத்துக்குமேல் தையல் வேலை பார்க்கிறவர், காலையில் மட்டும்தான் வரமுடியும் என்று சொன்னால், அதற்கேற்றபடி உன் மனைவியின் கூட்டங்களைக் காலைக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மேலத்தெருவில் ஒருவரிடம் பாத்திர வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். சம்பளத்தை நீ வந்து பேசி முடித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா