முதலில் நடுக்கம்பி

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் சளி குறைந்துவிட்டது. நீ அனுப்பிய சுற்றுப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரைக் கடையில் வாங்காமல் நீயே கட்டப் போகிறாய் என்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் பிள்ளையும் கேட்கிறான். அதனால் வாழ்த்தோடு நிறுத்தாமல் விவரமாகவே எழுதுகிறேன்.

நீ எடுத்திருப்பது சூ மோய் என்பவர் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வெளியிட்ட சுற்று. ஒலியைப் பெருக்கும் சில்லான ஓர் ஐ.சி., ஒரு 9 வோல்ட் பேட்டரி, கைப்பிடி அளவு பாகங்கள். ஆல்டாய்ட்ஸ் புதினா மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும் என்பதால் பல நாட்டு மாணவர்களும் அதைக் கட்டினார்கள். தேர்வு நல்லதுதான். ஆனால் உன் கடிதத்தில் பாதி, எந்த ஐ.சி. இனிமையாக ஒலிக்கும் என்பதிலேயே போய்விட்டது. அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டியது. முதலில் ஹெட்ஃபோனுக்கு என்ன தேவை என்று பார். அடுத்து நடுக்கம்பியை, அதாவது கிரவுண்டைப் பார்.

உன் ஹெட்ஃபோன் சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வந்த மாடல், மின்தடை 300 ஓம். (நீ இருக்கும் ஹானோவருக்குப் பக்கத்து வெடமார்க்கில்தான் 1945இல் அந்த நிறுவனம் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய்விட்டு வா.) 300 ஓமுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 3.3 மில்லி ஆம்பியர்தான் ஓடும். அதே 1 வோல்ட்டை 32 ஓம் இயர்ஃபோனுக்குக் கொடுத்தால் 31 மில்லி ஆம்பியர் ஓடும். உன்னுடையதற்கு வோல்டேஜ் வேண்டும், கரண்ட் அதிகம் வேண்டாம். அதற்கு ஏற்றபடிதான் மற்ற எல்லாவற்றையும் அமைக்க வேண்டும்.

ஃபோனில் ஹெட்ஃபோனைச் செருக நீ வைத்திருக்கும் அடாப்டர் முழு ஒலியில் அரை வோல்ட் தருகிறது என்று நீயே அளந்து எழுதியிருக்கிறாய். சூ மோயின் சுற்றில் 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (தடைகள்) சேர்ந்து 11 மடங்கு பெருக்கும். அரை வோல்ட் ஐந்தரை வோல்ட்டாக வேண்டும். 9 வோல்ட் பேட்டரியைப் பாதியாகப் பிரித்தால் மேலே நாலரை, கீழே நாலரை. அந்த நாலரையிலும் ஐ.சி. இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தொடாமல் விட்டுவைக்கும். மிஞ்சுவது உச்ச அளவில் இரண்டரை வோல்ட். ஐந்தரை எங்கே போகும்? அலையின் தலை வெட்டுப்படும், மிருதங்கத்தின் அடி கரகரக்கும். அதற்குப் பயந்து வால்யூமைக் கால் பங்குக்கு மேல் திருப்பவே மாட்டாய். வால்யூமைத் திருப்பும் இரட்டைப் பாட்களில் (மாறுதடைகளில்) இடது, வலது ஒலிகள் ஒன்றுக்கொன்று மிக மாறுபடுவதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 3.3 கிலோ ஓம் போடு. 4.3 மடங்கு உனக்குத் தாராளம்.

இனி நடுக்கம்பி. உன் படத்தில் இரண்டு 4.7 கிலோ ரெசிஸ்டர்களும் இரண்டு 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களும் பேட்டரியைப் பாதியாகப் பிரித்து ஒரு நடுப்புள்ளியை உண்டாக்குகின்றன. இடது காதின் கரண்ட், வலது காதின் கரண்ட் இரண்டும் அதன் வழியாகத்தான் திரும்புகின்றன. அந்தப் புள்ளி அசையாமல் நின்றால்தான் இசை சுத்தமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார். 20 ஹெர்ட்ஸில் அந்த இரண்டு கெப்பாசிட்டர்களும் சேர்ந்து 18 ஓம் தடையாக நிற்கும். உன் 300 ஓமுக்கு அது பொருட்டல்ல. ஆனால் ரயிலில் பக்கத்தில் இருக்கும் நண்பனின் 32 ஓம் இயர்ஃபோனைச் செருகினால் அடித்தொனி தளரும், ஒரு காதின் ஒலி மறு காதுக்குக் கசியும். இதைச் சரிசெய்யாமல் நூறு ஐ.சி. மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை.

என் யோசனை, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் போடு. இரண்டும் சேரும் இடமே கிரவுண்ட். மேலே 9, கீழே 9. நடுப்புள்ளி தானாகவே உறுதியாக நிற்கும், நாம் மேலே கணக்குப் பார்த்த 4.3 மடங்கும் வெட்டுப்படாமல் வெளியே வரும். டப்பாவில் இடம் நெருக்கும்தான், போர்டைச் சிறிதாக வெட்டிக்கொள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, கவனமாகப் படி. ஒரு பேட்டரி மட்டும் முதலில் தீர்ந்தால் வெளியீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நேர்மின்னோட்டம் ஹெட்ஃபோன் சுருளுக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடலாம். 2011இல் வெளிவந்த ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரில் இரண்டு பக்க மின்சாரத்தையும் ஒன்றாகவே துண்டிக்கும் தனிச் சுற்று இருக்கிறது. நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு பேட்டரிகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் இரட்டைக் கம்பத்து சுவிட்ச் போடு. பவர் எல்இடியை இரண்டு பேட்டரிகளின் மொத்த வோல்டேஜுக்குக் குறுக்கே, 12 வோல்ட் ஸீனர் டையோடும் (12 வோல்ட்டைத் தாண்டினால்தான் கரண்டை விடும்) ஒரு ரெசிஸ்டரும் சேர்த்துத் தொடராக இணை. எல்இடிக்கு 2 வோல்ட், ஸீனருக்கு 12. மொத்தம் 14க்குக் கீழே இறங்கினால் விளக்கு அணைந்துவிடும். விளக்கு எரியவில்லையா, ஹெட்ஃபோனைச் செருகாதே. பேட்டரியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்று.

டப்பா உலோகம், மறந்துவிடாதே. ஜாக்கின் உலோக வளையம் டப்பாவைத் தொட்டால் டப்பாவும் கிரவுண்ட் ஆகிவிடும். அதனால் பேட்டரி முனை எதுவும் எங்கேயும் டப்பாவை உரசக் கூடாது. உள்ளே தடித்த அட்டை ஒட்டிவிடு.

இப்போது ஐ.சி.க்கு வருகிறேன். ஓபிஏ2134 போதும். விலை குறைவு என்று என்இ5532 போடலாமா என்று கேட்டிருந்தாய். அது அருமையான ஐ.சி., ஆனால் இந்தச் சுற்றுக்கு ஒவ்வாது. அதன் உள்ளீட்டுக் காலில் சுமார் 200 நானோ ஆம்பியர் ஓடும். உன் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் அது 20 மில்லிவோல்ட் ஆகி, பெருகி 80க்கு மேல் போய் ஹெட்ஃபோனில் உட்காரும். ஓபிஏ2134 எஃப்இடி உள்ளீடு கொண்டது, அதாவது கரண்டை ஏறக்குறைய இழுக்காத டிரான்சிஸ்டர், இந்தத் தொல்லை கிடையாது. உள்ளீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறாய். 16 ஹெர்ட்ஸிலேயே அடித்தொனியைக் குறைக்கத் தொடங்கிவிடும். 0.47 போட்டால் 3.4க்கு இறங்கும். பிலிம் வகையாக வாங்கு.

வால்யூம் பாட் லாக் வகையாக, அதாவது திருப்பத் திருப்ப ஒலி காதுக்குச் சீராக ஏறும் வகையாக, இருக்க வேண்டும். மேலே அச்சிட்ட எழுத்தை நம்பாதே, ஊருக்கு ஊர் குறி மாறும். குமிழை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் இரண்டு ஓரக்கால்களுக்கும் இடையே தனித்தனியாக மல்டிமீட்டரில் அள. 10 கிலோ பாட்டில் இரண்டு பக்கமும் 5 வந்தால் லீனியர், திருப்பிக் கொடுத்துவிடு. ஒரு பக்கம் ஒன்று, ஒன்றரை வந்தால் அதுதான் உனக்கு வேண்டியது.

கட்டி முடித்ததும் ஹெட்ஃபோனைத் தொடாதே. உள்ளீட்டை கிரவுண்டோடு இணைத்து, வெளியீட்டில் டிசி (நேர்மின்) வோல்டேஜ் பார். இரண்டு பக்கமும் சில மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும், 20ஐத் தாண்டினால் எங்கோ சாலிடர் தப்பு. அடுத்து ஒரு மலிவான இயர்ஃபோனில் வெறும் தம்பூரா சுருதியைப் போட்டுக் கேள். நின்று ஒலிக்கும் நாதத்தில் ஹம், சீறல் எதுவும் ஒளிய முடியாது. கச்சேரி அப்புறம்.

இன்னொன்று. ஐரோப்பாவில் விற்கும் ஃபோன்கள் 85 டெசிபலுக்கு மேல் எச்சரிக்கும். உன் பெட்டி எச்சரிக்காது. ரயில் இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டாதே, எச்டி 600 திறந்த வகை, வெளிச்சத்தம் உள்ளே வரத்தான் செய்யும். அதை வீட்டில் அமர்ந்து கேள். உன் காதைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, பொங்கலுக்கு வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். திருத்திய படத்தை முதலில் எனக்கு அனுப்பு, நான் பார்த்த பிறகு சாலிடர் வை. கட்டியதும் இரண்டு பக்க டிசி அளவையும், இரண்டு பேட்டரிகளின் வோல்டேஜையும் எழுது.

அன்புடன்,
அம்மா