வேலிக்கு உள்ளே இருக்கிற மகனுக்கு

தம்பி,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை அம்மா நாலு தடவை போட்டுக் கேட்டாள். சாம்பியாவில் உங்க சீனக் கம்பெனி கேம்ப் வேலியை உயர்த்திவிட்டார்கள், யாரும் சந்தைக்குப் போகக் கூடாதாம் என்றாய். "நான் என்ன சீனாக்காரனாப்பா, எனக்கென்ன பயம்" என்று சிரித்தாயே, அதிலேதான் எனக்குத் தூக்கம் போச்சு.

ஊர்க்காரன் உன் பாஸ்போர்ட்டையா பார்ப்பான்? கம்பெனிச் சட்டையைத்தான் பார்ப்பான். 2018 மே மாதம் நம்ம தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 13 பேர் போலீஸ் குண்டடிபட்டுச் செத்தபோது, உன் ஆலை ஐடி கார்டை அம்மா அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். நீ வெறும் காண்ட்ராக்ட் ஃபிட்டர், இந்த மண்ணிலேயே பிறந்தவன். அப்படியும் தெருமுனையில் ஒருத்தன் உன்னைப் பார்த்துக் காறித் துப்பினான். ஊர்வலத்தில் நடந்த நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசினதும் இல்லை.

சாம்பியாக்காரனுக்குச் சீனாக்காரனைக் கண்டாலே ஆகாது என்கிறாராமே உங்க மேனேஜர். சும்மாவா வந்தது? பக்கத்து வீட்டுப் பையனை விட்டுத் தேடச் சொல்லிப் படித்தேன். 2005-ல் நீ இருக்கிற அதே சம்பிஷியில் சீனாக்காரர்களின் வெடிமருந்து ஆலை வெடித்து 40 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். 2010-ல் தெற்கே கோலம் நிலக்கரிச் சுரங்கத்தில், நியாயம் கேட்டுக் கூடின தொழிலாளிகளைச் சீன மேலாளர்கள் இரண்டு பேர் சுட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் காயம். அப்புறம் வழக்கையே கைவிட்டார்கள். 2012 ஆகஸ்டில் அதே சுரங்கத்தில் குறைந்தபட்சக் கூலிக்காகக் கலவரம். நிலக்கரித் தள்ளுவண்டியை ஏற்றி ஒரு சீன மேற்பார்வையாளரைக் கொன்றார்கள். சுட்டவன் வேறு, செத்தவன் வேறு. செத்தவனும் ஊரில் யாருக்கோ மாசாமாசம் பணம் அனுப்பிக்கொண்டிருந்திருப்பான்.

பிறகு 2025 பிப்ரவரி 18. சம்பிஷியிலேயே இன்னொரு சீனக் கம்பெனியின் சுரங்கக் கழிவுக்குட்டைக் கரை உடைந்து 5 கோடி லிட்டர் அமிலத் தண்ணீர் ஓடையில் இறங்கி கஃபூவே ஆற்றில் கலந்தது. மீன் செத்து மிதந்தது, கிட்வே நகரத்துக்கே குழாய்த் தண்ணீர் நின்றது. அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்டினார்களாம். அது பக்கத்துக் கம்பெனி, எங்களுது இல்லை என்கிறாய். சரி. உங்க குட்டைக் கரையை நீ ஒருநாளாவது நடந்து பார்த்தாயா?

கசிவு கண்ணில் பட்டால் ரிஜிஸ்டரில் உன் கையால் எழுது, போட்டோ எடுத்து வை. உன் ஹெல்ப்பருக்கு உன்னுடையது மாதிரியே மாஸ்க்கும் பூட்ஸும் கொடுக்கிறார்களா பார். அந்த ஊர் பெம்பா பாஷையில் நாலு வார்த்தை அவனிடமே கற்றுக்கொள். பாஸ்போர்ட்டை ஆபீஸில் கொடுத்துவைத்திருக்கிறாயாமே, நாளைக்கே கேட்டு வாங்கு. கலவரம் என்றால் மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று நிற்காதே. மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கும்.

போன வாரம் டிரம் கழுவும்போது அந்த ஐடி கார்டு கையில் அகப்பட்டது. போட்டோவில் உன் முகம் பாதி அழிந்துபோச்சு. தூர எறிந்துவிடு என்றேன். அம்மா முந்தானையில் துடைத்து, திரும்ப அரிசிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

அப்பா