மத்தியானத்தில் பால் வெட்டுகிறவள்

சுங்கை சிப்புட், பேராக்
புரட்டாசி கடைசி வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டதாக நேற்று போனில் சொன்னாய், நிம்மதி. தீபாவளிக்கு ஊருக்கு வருகிற இவருடைய சித்தப்பா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லி முடியாது, அவ்வளவு நீளம். எல்லாம் உங்கள் வட்டம் படித்த அந்த மலேசிய ரப்பர் தோட்டத்துக் காதல் நாவல் விவகாரம்தான்.

உங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியதை எழுதி அனுப்பியிருந்தாயே, அதைத் தையல் கடையில் சத்தமாக வாசித்தேன். பண்டிகை நெருங்கிவிட்டதால் எந்நேரமும் நாலைந்து பேர் ரவிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். பாதிப் பேர் நாவலைப் படித்தவர்கள். என்னிடம் இருக்கும் ஒரே பிரதிதான் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கும் சீனப் பையனுக்கும் இருந்தது தூய்மையான காதல் என்று உங்கள் வாத்தியார் சொன்னாராமே, அந்த இடத்தில் கடையில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இங்கே யாரும் காதலில் ஆரம்பிக்கவில்லை. முதல் புகார் ரப்பர் மரத்தைப் பற்றி. உச்சி வெயிலில் அவள் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது பையன் சைக்கிளில் வந்து இறங்குகிறான் அல்லவா? முப்பது வருஷம் பால் வெட்டிய பாட்டி ஒருவர் அந்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிட்டார். "மத்தியானத்துல எந்த மரம்டீ பால் கொடுக்கும்?" விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில், அதாவது மர வரிசையில், இறங்கவேண்டும். குளிர்ச்சி இருக்கிறவரைதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அப்புறம் மரத்தில் கட்டிய மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்ததை வாளியில் ஊற்றி, எடை போடும் நிறுவைக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எழுதியவர் பெரட்டுக் களத்தை (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கும் இதெல்லாம் கேள்வி ஞானம்தான். ஊரைச் சுற்றி இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பழைய ரப்பர் மரம் பார்க்கணுமா, கோலகங்சாருக்குப் போ என்கிறார்கள். 1877இல் நட்ட ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது.

அடுத்தது பேச்சு. அந்தப் பையன் பக்கம் பக்கமாகச் செந்தமிழில் உருகுகிறானே, உங்கள் ஆட்களுக்கு அது உறுத்தவே இல்லையா? "ரெண்டு பேரும் பசார் மலாய்லதான் காதலிச்சிருப்பாங்க" என்று பட்டன் தைக்கிற பெண் சொன்னாள். (கடைத்தெருவில் எல்லா இனத்தாரும் பேசுகிற கலப்பு மலாய் அது.) 'குவா சுக்கா லூ' (எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு) என்று அவள் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டியதும் மறுபடி ஒரே சிரிப்பு. ஆனால் யோசித்துப் பார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில், முந்நூறு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம். அதை எழுதியிருந்தால் நாவலே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

உங்களுக்குப் பிடித்த 555 புத்தகக் காட்சிக்கும் இங்கே அடி விழுந்தது. (அது எண் இல்லை அக்கா, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. கடன் கணக்கெல்லாம் அதில்தான்.) அவள் வீட்டு அரிசிக் கடனைப் பையன் எழுதாமல் விடுவது காதலாம்! "அப்பன் கடையிலேர்ந்து எடுத்துக் குடுக்கிறது காதலா? தன் சம்பளத்துல குடுத்திருக்கணும்" என்கிறார்கள்.

கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று நீங்கள் அடித்துக்கொண்டதற்கு ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் பதில் சொன்னார். முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்லும் 1976ஆம் வருஷத்துச் சட்டம் 1982 மார்ச் 1இல்தான் நடப்புக்கு வந்ததாம். அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்தவை செல்லும். நாவலில் 1974இல் கோயிலில் தாலி கட்டுகிறான், ஆகவே கல்யாணம் செல்லாது என்று மாமன் மிரட்டுவது வெறும் வாய்ச்சவடால். ஒரு மலாய்ப் பையனை நாயகனாக வைத்திருக்கலாமே என்றும் யாரோ கேட்டிருந்தார்களே? வைத்திருந்தால் அவள் இஸ்லாத்துக்கு மாறாமல் கல்யாணமே கிடையாது. அது வேறு கதை.

சரி, நான் இவ்வளவு எழுதியதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். கடைக்கு எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பார்த்தால் சீன முகம். சேலை, குங்குமம், வாய் நிறைய வெற்றிலை. ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த யுத்த காலத்தில் கைக்குழந்தையாக ஒரு தமிழ் வீட்டில் கொடுக்கப்பட்டவர். இந்தப் பக்கத் தோட்டங்களில் அப்படி வளர்ந்த சீனப் பெண்கள் நிறையப் பேர். அவருக்குச் சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது. எழுத்தும் தெரியாததால் நாவலை நான்தான் வாசித்துச் சொன்னேன். நாவலில் அந்த இரண்டு பேரின் குழந்தையை 'இரண்டு கரையிலும் சேராத பிள்ளை' என்று சொல்லி ஒரு அத்தியாயம் முடிகிறதே, உங்கள் வட்டத்தில் எல்லாரும் கண் கலங்கியது அங்கேதானே? பாட்டிக்குக் கோபம்தான் வந்தது. "நான் எந்தக் கரையிலும் சேராதவளா? தைப்பூசத்துக்கு எத்தனை வருஷம் பால்குடம் தூக்கியிருக்கேன், எங்க அப்பாவுக்கு யாரு கொள்ளிக்குடம் உடைச்சா, கேளு." அவர்தான் உடைத்தாராம். பிள்ளை இல்லாத வீடு.

என்னைக் கேட்டால், சீன வீட்டு அடுப்படியில் நாயகி முதல் நாள் நிற்கும் இரண்டு பக்கத்தை மட்டும் நம்புவேன். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறாளே, அது. நான் தமிழனைத்தானே கட்டிக்கொண்டு வந்தேன்? ஆனாலும் முதல் காலை அத்தை "பசியாறியாச்சா?" என்று கேட்டபோது, சாப்பாட்டுக்கு முன்பே பசி ஆறியதா என்கிறாரே என்று முழித்தேன். காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். பெலாச்சான் (இறால் விழுது) சுட்ட வாடைக்கு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. இப்போது அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அது வேறு விஷயம்.

மறுபடி வட்டம் கூடும்போது எதிர்வீட்டுப் பாட்டி கேட்கச் சொன்னதைக் கேள். நாவல் முழுக்கப் 'பிள்ளை, பிள்ளை' என்றே வருகிறதே, அதற்கு என்ன பேர் வைத்தார்கள்? நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் இல்லை.

பச்சை உறையில் இருக்கும் 200 வெள்ளி (ரிங்கிட்) அம்மாவுக்கு. சித்தப்பா திரும்பும்போது சுண்டைக்காய் வற்றல் அரைக் கிலோ கொடுத்தனுப்பு, பாட்டிக்கும் பங்கு உண்டு.

உன் தங்கை