அந்தத் திட்டுற பையன்

மாப்ள,

நீ அனுப்புன போட்டோ வந்துச்சு. அட்டை டப்பா நெறைய ஸ்பகெட்டி, மேல தக்காளிச் சாறு, பின்னாடி டெட்ராய்ட் ரோடு. "எமினெம் கடை. ருசி சுமார்"னு ரெண்டே வரி எழுதியிருந்த. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அம்மாபேட்டையில உங்க வீட்டுத் திண்ணையில நாம ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதா வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தப்ப, நீ அந்த அமெரிக்க ராப் பாடகன் ஊருக்கே போய்க் குப்பை கொட்டுவேன்னு யாராவது சொல்லியிருந்தா நம்ம தட்டுவடை செட்டுக்காரரே சிரிச்சிருப்பார்.

வாட்ஸப்ல பதில் போடத்தான் உக்காந்தேன். நீளமாப் போச்சு, கடுதாசியாவே எழுதிட்டேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்கு பிரஷர் மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு. மல்கோவா இந்த வருஷம் காய்ப்பு கம்மி, விலையக் கேட்டா மாத்திரை மூணாகும்.

விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏற்காடு போனோம். பெரியவ முன் சீட்டுல, வீட்டுக்காரி பின்னாடி. அடிவாரம் தாண்டுறதுக்குள்ளயே அவ தூங்கிட்டா. கோரிமேட்டுலேர்ந்து என் பழைய பாட்டு லிஸ்ட்டுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏழாவது வளைவோ எட்டாவதோ, எமினெமோட 1999 ஆல்பத்துலேர்ந்து அந்தப் பாட்டு வந்துச்சு. அப்பன் மழலையில கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவானே, நடுவுல கொழந்தை சத்தம்கூட வருமே, அது. நானும் கூடவே முணுமுணுத்துக்கிட்டு கியரை மாத்துறேன்.

பெரியவ பாட்டைக் குறைச்சா. "அப்பா, இதுல கார் டிக்கியில யார் இருக்காங்கன்னு தெரியுமா?"ன்னா.

உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாக்காரி பொணம். கொன்னது அப்பன். கொழந்தைய முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு ஏரியில போடப் போறான். அந்தச் சத்தத்துக்குத் தன் சொந்த மகளையே ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான் மனுசன். நான் என் பொண்ணை முன்னாடி வச்சுக்கிட்டு, பொண்டாட்டி பின்னாடி அசந்து தூங்க, ஏரிக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். பதில் சொல்ல வாய் வரல. மேலேர்ந்து பஸ் எறங்கிச்சு, அதுக்கு வழி விடுற சாக்குல ரெண்டு நிமிஷம் ஓட்டுனேன்.

அவகிட்ட சொல்லாத ஒண்ணை உன்கிட்ட சொல்றேன். அவ பொறந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம், தொட்டில் பக்கத்துல இதே பாட்டைப் போட்டிருக்கேன். அப்பன் மகளைக் கொஞ்சுற பாட்டுன்னுதான் அப்பவும் நெனச்சுக்கிட்டிருந்தேன். பத்து வருஷம் கேட்ட பாட்டு மாப்ள. வரிய முழுசா ஒக்காந்து படிச்சது அதுக்கும் அப்புறந்தான்.

யோசிச்சுப் பாரு, நமக்கு என்ன புரிஞ்சுது அப்ப? தமிழ் மீடியத்துலேர்ந்து வந்தவனுங்க. அம்பது ரூபா எம்பி3 சிடி, மார்க்கர்ல 'எமினம் ஹிட்ஸ்'னு எழுதியிருக்கும், பாதிப் பாட்டு அவனோடதே இல்ல. கெட்ட வார்த்தை நாலு தெரியும், அது வந்தா சிரிப்போம். மத்ததெல்லாம் சத்தந்தான். உங்க வீட்டுத் தறி நாலும் ஓடிக்கிட்டிருக்கும், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்க, நீதான் ஒரு நாள் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, "இவன் தறி ஓட்டுறாண்டா"ன்ன. அன்னிலேர்ந்து எனக்கு அவன் வேற மாதிரி கேக்கவே இல்ல. ஊடை நூல் அறுந்தா தறி நிக்குற மாதிரி, அவன் மூச்சு வாங்குற எடம்கூட நமக்கு மனப்பாடம்.

அதுல நாம ஏமாறல. அந்தத் தொழில்ல அவன் கெட்டிக்காரன். ஆரஞ்சுங்கிற வார்த்தைக்கு எதுகையே கெடையாதுன்னு இங்கிலீஷ்காரங்க சொல்வாங்களாம். 2010ல ஒரு டிவி பேட்டியில ஒக்காந்த எடத்துலயே டோர் ஹிஞ்ச், ஸ்டோரேஜ், பாரிட்ஜ்னு வார்த்தையக் கொஞ்சம் வளைச்சு வளைச்சு அடுக்கிக் காட்டுனான். நம்ம ஊர்ல ரெண்டாம் எழுத்து ஒத்துப்போனாப் போதும். அவன் நாலு அசைய வளைச்சுக் கொண்டுவந்து சேக்குறான். 2013ல வந்த ஆறு நிமிஷத்துப் பாட்டுல 1,560 வார்த்தைய வச்சு கின்னஸ்ல ஏறுனான். திருப்புகழைச் சந்தம் கெடாமப் பாடுற ஓதுவார் யாராவது கேட்டா மதிப்பார்னு நெனைக்கிறேன். அர்த்தத்தைச் சொல்லாம இருந்தா.

பெரியவகிட்ட நான் மொதல்ல எடுத்து விட்டது பழைய வக்கீல் வாதந்தான். "அது அவன் பேசல பாப்பா, ஸ்லிம் ஷேடின்னு ஒரு கதாபாத்திரம். 2024ல வந்த ஆல்பத்துல அவனைக் கொன்னே போட்டாச்சு." அவ கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், "அந்தக் கதாபாத்திரத்துக்குப் பொண்டாட்டி பேரும் பொண்ணு பேரும் மட்டும் எப்படிப்பா நெஜப் பேரா இருக்கு?"ன்னு கேட்டா. பதினாறு வயசு. கொண்டை ஊசி வளைவுல இந்த மாதிரி கேள்வி கேக்கக்கூடாதுன்னு சட்டம் போடணும்.

எங்கப்பாவுக்கு இந்தச் சிக்கலே வரல. அவர் எம்.ஜி.ஆர். ரசிகர். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டுறப்ப இன்னிக்கும் பஸ்ஸுக்குள்ளேர்ந்தே ஒரு கும்பிடு போடுவார், மந்திரி குமாரிய அங்கதான் எடுத்தாங்கன்னு. தாயைத் தெய்வமாக் கும்பிடுற தலைவர் அவருக்குக் கெடைச்சாரு. நமக்கு வாய்ச்சவன் மேல பெத்த தாயே கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கா. பாட்டுல அசிங்கப்படுத்திட்டான்னு 1999ல கோடி டாலர் கேட்டு. கடைசியில 25,000 டாலருக்கு ராஜியாச்சு, வக்கீல் எடுத்தது போக அந்தம்மா கைக்கு வந்தது ரெண்டாயிரம்கூட இல்ல.

ஓரினச்சேர்க்கைக்காரங்களைத் திட்டுனதுக்கு 2001 கிராமி விழாவுக்கு வெளிய போராட்டம், உள்ள, தானும் அப்படித்தான்னு வெளிப்படையாச் சொன்ன பாடகர் எல்டன் ஜானோட சேர்ந்து பாட்டு. அப்பவே அது எனக்கு ஒட்டாத மாவு மாதிரிதான் இருந்துச்சு. எல்டன் ஜான் கட்டிப் புடிச்சுட்டாருங்கிறதுக்காக நாம மன்னிச்சுட முடியாது, திட்டு வாங்குனது அவர் மட்டும் இல்லையே. இதையும் நான் பத்து வருஷம் கழிச்சுத்தான் யோசிச்சேன். என் ஆபீஸ்ல ஒரு தம்பி என்கிட்ட மட்டும் தன்னைப் பத்திச் சொன்னப்ப.

இப்பக் கேட்டா என்ன சொல்லுவேன்னா, இன்னும் ரசிகன்தான். ஆனா வக்காலத்து வாங்குறதை விட்டுட்டேன். சில பாட்டை எடுத்துட்டேன், வீட்டுல மட்டும் இல்ல, தனியா இருக்கப்பவும் போடுறதில்ல. புதுசு வந்தா மொத நாளே கேக்குறேன், பெரும்பாலும் ஏமாந்து போறேன். 2017ல வந்ததை ரெண்டாந்தரம் கேக்க முடியல. அம்பது தாண்டியும் சின்னப் பசங்களைச் சீண்டுறதும் ஊரை வம்புக்கு இழுக்குறதும் ஒரே தறியில ஒரே டிசைன் மாதிரிதான் இருக்கு. அப்படியும், 2007 டிசம்பர்ல மெத்தடோன்ங்கிற போதை தர்ற வலி மாத்திரை மிஞ்சிப் போய்ச் சாகக் கெடந்தவன், 2008 ஏப்ரல்லேர்ந்து போதையத் தொடாம இருக்கான்னா, எனக்கு அவனை விட்டுட்டுப் போக மனசு வரல. பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, 2025ல பேரன் பொறந்தான்.

அவனைப் பெத்த அந்தம்மா 2024 டிசம்பர்ல போயிட்டாங்க, கவனிச்சிருப்ப. 2002ல அம்மாவைக் கிழிச்சு எடுத்த அந்தப் பாட்டு ஹாஸ்டல்ல உனக்கு எவ்வளவு புடிக்கும்னு எனக்குத் தெரியும். உங்கப்பா தவறுன வருஷம் அது. நீ வீட்டுக்குப் போகாம லீவெல்லாம் எங்க வீட்டுல இருந்த. நான் ஏன்னு கேக்கல, நீ சொல்லல, பாட்டு மட்டும் ஓடும். 2013ல அவனே அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு இன்னொரு பாட்டு போட்டான். அந்தப் பழசு ரேடியோவுல வந்தா கூசுது, மேடையில இனிமே பாடுறதில்லன்னு அதுலயே சொல்லியிருக்கான். அதை உனக்கு அனுப்பி வச்சேன். நீ கட்டைவிரலைக் காட்டி ஒரு பொம்மை போட்ட, அவ்வளவுதான்.

ஏற்காட்டுலேர்ந்து எறங்குற வழியில ரெண்டு கிலோ ஆரஞ்சு வாங்கி உங்க வீட்டுல குடுக்கப் போனேன். தறியெல்லாம் போயி ரூம் காலியாக் கெடக்கு, நாலு தறி ஊனியிருந்த எடம் மட்டும் தரையில எண்ணெய் கருத்துப் போய்த் தெரியுது. உங்கம்மா வாசல்ல ராட்டையைப் போட்டு அடுத்த வீட்டுக்காரங்க தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்திக்கிட்டிருந்தாங்க. கண்ணு தெரியல. நூல் அறுந்தா விரலாலதான் தடவித் தேடி முடிச்சுப் போடுறாங்க, முடிச்சு சரியா விழுதான்னு நாக்குல வச்சுப் பாக்குறாங்க.

என் போன் அடிச்சுது. ரிங்டோன் இன்னும் அதேதான். தலையைத் தூக்குனாங்க. "அந்தத் திட்டுற பையன்தான இது?"ன்னாங்க. ஞாபகம் இருக்கா, அப்பவும் தார் கூடையத் தூக்கிக்கிட்டுப் போறப்ப நின்னு கேப்பாங்க, "யாரைடா இந்த வெள்ளைக்காரன் இப்படித் திட்டுறான்"னு. "சும்மா பாட்டும்மா"ம்போம். இப்ப நான் சொல்லிட்டேன் மாப்ள. அவங்கம்மாவைத்தான் திட்டுனான்னு. அப்புறம் மன்னிப்புக் கேட்டான், அந்தம்மா இப்ப இல்லன்னு.

"என்ன வயசு அவனுக்கு இப்ப?"ன்னாங்க. அம்பது தாண்டியாச்சுன்னேன். "உங்களைவிடப் பெரியவனா"ன்னு சொல்லிட்டு மறுபடி ராட்டையைச் சுத்த ஆரம்பிச்சாங்க. ஆரஞ்சுல ஒண்ணை உரிச்சு எனக்கே குடுத்தாங்க.

வர்ற வியாழக்கிழமை வலது கண்ணுல புரை எடுக்குறாங்க. உனக்குச் சொல்ல வேண்டாம்னாங்க, அதனால சொல்றேன். காலையில ஏழு மணிக்கு நான்தான் கார்ல கூட்டிட்டுப் போறேன். அப்ப உன் ஊர்ல புதன்கிழமை ராத்திரி ஒம்பதரை. முழிச்சுத்தான இருப்ப?

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து பெஞ்சு
சேலம்