ஃபீலிக்ஸ் கேய்ட்டாவின் கேள்விக்கு விடை எங்கே?

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்னும் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை எழுதிய குழுவினருக்கு,

வணக்கம். 2009ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்றும் பிப்ரவரி 6 அன்றும் ஒளிபரப்பான ‘தி ஓத்’, ‘பிளட் ஆன் தி ஸ்கேல்ஸ்’ (தராசின்மேல் குருதி) ஆகிய இரு அத்தியாயங்களைப் பற்றிய ஒரு குறையை உங்கள்முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கலாக்டிகா என்னும் விண்வெளிப் போர்க்கப்பலில் மூண்ட கலகத்தை அத்தனை நேர்த்தியாக வளர்த்தெடுத்த நீங்கள், அதை முன்னின்று நடத்திய கப்பல் அதிகாரி கேய்ட்டா எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாமலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டீர்கள்.

ஃபீலிக்ஸ் கேய்ட்டாவைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாதபடி அவரைப் படைத்தவர்கள் நீங்கள்தாம். அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த ராஸ்லினின் தரப்பு வாக்குகளை மாற்றியபோது, அந்த மோசடியைக் கண்டுபிடித்து மேலிடத்துக்குத் தெரிவித்தவர் அவர். அந்த நேர்மையின் விளைவாகத்தான் எதிர்த்துப் போட்டியிட்ட பால்டர் அதிபரானார், மக்கள் குடியேறிய நியூ கேப்ரிக்கா கோளில் அவர்கள் சைலான்களின் (மனிதர்கள் உருவாக்கி, பின் மனிதர்களுக்கே பகையான இயந்திர இனம்) பிடியில் சிக்கினார்கள் என்பது கதையின் கொடிய முரண். அங்கே பால்டரின் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே எதிர்ப்பியக்கத்துக்கு இரகசியமாகத் தகவல் அனுப்பிய அவரை, மீட்புக்குப் பின் சொந்த ஆட்களே உளவாளி என்று கருதி விண்வெளியில் தள்ளிவிடவிருந்தார்கள். கைதிகளை விடுவிப்பதாகச் சொன்ன ஒரு சைலான் பெண்ணை நம்பி அவர் கொடுத்த பெயர்ப்பட்டியல், அந்தக் கைதிகளின் சாவுக்கே வழிவகுத்தது என்பதைக் கலகத்துக்குச் சற்று முன் வெளியான இணையக் குறும்பகுதிகளில் காட்டினீர்கள். அவருடைய காலைச் சுட்ட ஆண்டர்ஸ் ஒரு சைலான் என்று தெரிய வந்தது. கால் வெட்டப்பட்ட கேய்ட்டா செயற்கைக் காலோடு தடுமாறும் அதே கப்பலில் ஆண்டர்ஸ் தடையின்றி நடமாடினார்.

இத்தனைக்கும் பிறகு கேய்ட்டா கேட்டது ஒன்றுதான். பன்னிரண்டு கோள்களையும் அழித்தவர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, அவர்களுடைய இயந்திர நுட்பத்தைப் பொதுமக்களின் கப்பல்களில் பொருத்த ஆணையிடும் அதிகாரத்தைப் படைத்தளபதி அடாமாவுக்கு யார் கொடுத்தார்கள்? உயிர் பிழைத்த ஏறத்தாழ 50,000 பேரில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 39,000 பேர். அவர்களுடைய பிரதிநிதிகள் அமர்ந்த மன்றம், கப்பலில் இருப்பவர்களின் ஒப்புதல் இன்றிச் சைலான்கள் ஏறக்கூடாது என்று முடிவெடுத்திருந்தது. அடாமா அதை மதிக்கவில்லை. அவருடைய கணிப்பு சரியாகவும் இருக்கலாம். சைலான்களின் உதவி இல்லாமல் அந்தக் கப்பல்கள் பிழைத்திருக்க வழியில்லாமலும் போயிருக்கலாம். ஆனால் கணிப்பு சரி என்பதும் ஆணையிடும் உரிமை இருந்தது என்பதும் வேறு வேறு.

இந்த இடத்தில்தான் நீங்கள் எளிய வழியை நாடினீர்கள். கேய்ட்டாவோடு கலகத்தில் சேர்ந்த துணை அதிபர் ஸேரெக், தம் பக்கம் சாய மறுத்த மன்றத்தினரைச் சுட்டுக் கொல்ல உத்தரவிடுகிறார். (1978ஆம் ஆண்டின் மூலத் தொடரில் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் இதில் ஸேரெக்காக வந்து, ஒரு சலனமும் இன்றி அதைச் செய்து முடிப்பது நடிப்பு என்ற அளவில் அபாரம்.) அந்தத் துப்பாக்கி வெடித்த கணத்தில் பார்வையாளருக்கு யோசிக்க ஒன்றுமில்லாமல் போகிறது. அதுவரை இரண்டு நியாயங்களுக்கு நடுவே தவித்துக்கொண்டிருந்தவர், நிம்மதியாக அடாமாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். அடாமாவிடம் விளக்கம் கேட்க உரிமை பெற்றிருந்த ஒரே அவை அழிந்ததால், அடாமாவும் தப்பித்தார், நீங்களும் தப்பித்தீர்கள். தராசைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஓர் அத்தியாயத்தில் ஒரு தட்டின்மேல் நீங்களே கையை வைத்து அழுத்தலாமா?

தண்டனையையும் எண்ணிப் பாருங்கள். முதல் பருவத்தின் முடிவில் படைவலியால் அதிபர் ராஸ்லினைப் பதவியிறக்கிச் சிறையில் அடைத்தவர் இதே அடாமா. அதைத் தடுக்க மேலதிகாரி டையின் தலையில் துப்பாக்கி வைத்தவர் அடாமாவின் மகன் லீ. இருவரும் பதவியோடும் மரியாதையோடும் தொடர்ந்தார்கள். நியூ கேப்ரிக்காவில் சைலான்களுக்குத் துணைபோனவர்கள் அனைவருக்கும் ராஸ்லின் பொதுமன்னிப்பு வழங்கினார். கேய்ட்டாவின் கூட்டத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது என்று அடாமா முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். தொடர் நிறைவடையவிருந்த 2009 மார்ச்சில் ஐ.நா. தலைமையகத்தில் உங்கள் தொடரை முன்வைத்து நடந்த கலந்துரையாடலில் பேசப்பட்ட பொருள்களில் சமரசமும் ஒன்று. அந்தச் சமரசம் தலைவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது என்றால், அதைத் தொடருக்குள் யாராவது ஒருவராவது சொல்லிக் காட்டியிருக்க வேண்டாமா?

கேய்ட்டாவின் இறுதி நேரத்தை நீங்கள் எழுதிய விதத்தில் எனக்குக் குறை இல்லை. தாக்குதலை நிறுத்தச் சொல்லி அவரே கலகத்தை முடித்துவைப்பதும், தாம் யார் என்பதை மக்கள் என்றாவது புரிந்துகொள்வார்கள் என்று பால்டரிடம் பேசுவதும் இந்தத் தொடரின் மிகச் சிறந்த எழுத்தில் சேரும். அதனால்தான் என் வருத்தம் கூடுகிறது. மன்றத்தினரை உயிரோடு விட்டிருந்தால், கப்பலை மீட்ட மறுநாள் அடாமா அவர்கள் முன்னால் நின்று தம் ஆணைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். விலங்கோடு கேய்ட்டாவும் அந்த அறையில் இருந்திருப்பார். நீங்கள் எழுதாமல் விட்ட அந்த அத்தியாயத்தைப் பார்க்கவே நான் விரும்பியிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடரின் தமிழ்ப் பார்வையாளர் ஒருவர்